அறுபதாம் கல்யாணச் சீட்டும் 22ஆம் தேதியும்

குழு: கொழிஞ்சாம்பாறைக் குடும்பம்
2025 செப்டம்பர் 20, சனிக்கிழமை

காலை 7.10

செந்தில்: எல்லோருக்கும் வணக்கம். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணம் அடுத்த ஞாயிறு. சமையல் மாஸ்டர் நேற்று இரவு மளிகைச் சீட்டு கொடுத்துவிட்டார். 200 பேருக்குக் கணக்கு. யார் எதை எங்கே வாங்குவது என்று இன்றே முடிவு செய்துவிடுவோம்.

செந்தில்: (படம்)

சித்தி: எழுத்து ஒன்றுமே புரியவில்லை கண்ணு

ரேவதி: நெய் 5 கிலோவா 8 கிலோவா?

செந்தில்: 5

சித்தி: நாளைக்கு மகாளய அமாவாசை. நிறைந்த நாள். நாளைக்கே சாமான் எடுத்துவிடலாம்.

பாபு மச்சான்: எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கறுத்த வாவு, அதாவது அமாவாசை அன்று நல்ல காரியம் எதுவும் தொடங்க மாட்டார்கள்.

சித்தி: அது அவர்கள் வழக்கம் மாப்பிள்ளை. நமக்கு அமாவாசை ஆகும்.

ரேவதி: மகாளய அமாவாசை முன்னோருக்கு உரியது சித்தி. கல்யாணச் சாமானை அன்றைக்கா வாங்குவது?

சித்தி: அதையும் என் மாமியார் இருந்தபோதே கேட்டுவைத்திருக்கிறேன். வாங்கலாம்.

சித்தப்பா: (பலமுறை பகிரப்பட்டது) *22ஆம் தேதி முதல் எல்லாப் பொருளும் பாதி விலை!!! பால் விலையும் குறைகிறது!!! அதுவரை யாரும் எதையும் வாங்காதீர்கள்!!! எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புங்கள்!!!*

கவிதா: அப்படியானால் திங்கட்கிழமைக்குப் பிறகு வாங்கலாமே

ரேவதி: அதுதான் சரி

செந்தில்: அத்தை என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்

காலை 7.48

அத்தை: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். மணி அனுப்பியது தவறு. பாதி விலை என்று எந்த அரசும் சொல்லவில்லை. செப்டம்பர் 3 அன்று நடந்த ஜிஎஸ்டி கவுன்சிலின் 56ஆவது கூட்டத்தில் 12, 28 சதவீத அடுக்குகளை எடுத்துவிட்டு, பெரும்பாலான பொருள்களை 5, 18 என்ற இரண்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை, நவராத்திரி முதல் நாள், அமலுக்கு வருகிறது. குறைவது வரி மட்டும். பொருளின் அடக்க விலை அப்படியே இருக்கும்.

அத்தை: இன்னொன்று. 12 என்பது 5 ஆனால் 7 ரூபாய் குறையும் என்று கடைக்குப் போய் நிற்காதீர்கள். 100 ரூபாய்ப் பொருள் வரியோடு 112 ஆக இருந்தது 105 ஆகிறது. நாம் கொடுக்கும் பணத்தில் நூற்றுக்கு ஆறேகால் ரூபாய்தான் மிச்சம். 18 என்பது 5 ஆனால் நூற்றுக்குப் பதினொரு ரூபாய். இந்த இரண்டு கணக்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வது சரியா என்று நின்ற இடத்திலேயே பார்த்துவிடலாம்.

சித்தி: சரிங்க அண்ணி

அத்தை: பாக்கெட் பாலுக்கு ஏற்கெனவே வரி கிடையாது. இல்லாத வரி எப்படிக் குறையும்? மாதக்கணக்கில் கெடாத, பெட்டியில் வரும் பாலுக்குத்தான் 5 சதவீதம் இருந்தது, அது போகிறது. நம் பந்தியில் அதற்கு வேலை இல்லை.

சித்தப்பா: எனக்கு வந்ததை அனுப்பினேன் அக்கா

அத்தை: வந்ததையெல்லாம் அனுப்பக் கூடாது மணி. கவிதா அதை நம்பித்தான் திங்கட்கிழமை என்றாள்.

அப்பா: என்ன நடக்கிறது

ரேவதி: உங்கள் கல்யாணம்தான் அப்பா

பாபு மச்சான்: எட்டு வருடம் வாங்கிவிட்டு இப்போது குறைக்கிறார்கள். அதற்கு ஒரு கொண்டாட்டம்.

சித்தப்பா: குறைத்தால் குறைத்தது என்று சொல்லுங்கள் மாப்பிள்ளை. செங்கோட்டையில் ஆகஸ்ட் 15 அன்று சொன்னதைச் செய்துவிட்டார்களே.

பாபு மச்சான்: பாக்கெட் அரிசிக்கு 2022இல் 5 சதவீதம் போட்டதும் இதே கவுன்சில்தான். அது இன்னும் இருக்கிறது.

சித்தப்பா: கவுன்சிலில் உங்கள் கேரள நிதி அமைச்சரும் உட்கார்ந்திருந்தாரே

பாபு மச்சான்: வருவாய் இழப்பை யார் ஈடுகட்டுவது என்று பாலகோபால் கேட்டது பத்திரிகையில் வந்ததே. படிக்கவில்லையா?

செந்தில்: சித்தப்பா, மச்சான், சீட்டுக்கு வருவோம்

கவிதா: 26 கிலோ அரிசி மூட்டை கேட்டேன் அத்தை, கடையில் இருக்கிறது என்றார்

அத்தை: நல்ல வேலை செய்தாய் கண்ணு. அடைத்து, பெயர் ஒட்டி, 25 கிலோ வரைக்கும் உள்ள பைக்குத்தான் அந்த 5 சதவீதம். அதைத் தாண்டினால் இல்லை, சில்லறையாக அளந்து கொடுத்தாலும் இல்லை. அதற்காகத்தான் 26 கிலோ மூட்டை வந்தது. துவரம் பருப்பு, உளுந்து, வெல்லம் எல்லாவற்றையும் பாக்கெட்டில் எடுக்காமல் நிறுத்து வாங்கு. பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து, தூசியும் வண்டும் இல்லையென்றால் வாங்கு.

ரேவதி: சம்பந்தி வீட்டாருக்குக் கேரளச் சிவப்பு மட்டை அரிசி?

செந்தில்: 10 கிலோ போதும். பாலக்காட்டில் மச்சான் எடுக்கட்டும்.

பாபு மச்சான்: எடுக்கிறேன்

காலை 8.30

அத்தை: இப்போது சீட்டைப் பிரித்துச் சொல்கிறேன். திங்கட்கிழமை வரை காக்க வேண்டியது நெய். 12இலிருந்து 5. கிலோ 700 என்று வைத்துக்கொண்டால் 44 ரூபாய் அளவுக்கு இறங்க வேண்டும். பாதாம், பேரீச்சை, 20 லிட்டர் தண்ணீர் கேன், கை கழுவ சோப்புக் கட்டி, இவையும் காத்திருக்கட்டும். முந்திரி ஏற்கெனவே 5தான், மாற்றம் இல்லை. சர்க்கரை, மிளகாய், மல்லி, பெருங்காயம், டீத்தூள், கடலை எண்ணெய் எதற்கும் மாற்றம் இல்லை. இவற்றுக்காகத் திங்கட்கிழமை வரை காத்திருந்தால் ஆயுத பூஜைக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வோம். அவ்வளவுதான் லாபம்.

சித்தி: அப்படியானால் நாளைக்கு வாங்கலாம்தானே

அத்தை: மஞ்சளும் உப்பும் முதலில் எடு தங்கம். பிறகு மற்றது.

சித்தி: ☺️

ரேவதி: குளிர்பானம் வைக்கலாமா? பிள்ளைகள் கேட்பார்கள்

அத்தை: 28 வரியும் 12 கூடுதல் தீர்வையுமாக 40 இருந்தது. இப்போது நேரடியாக 40. மோர் வைப்போம்.

செந்தில்: தாம்பூலப் பையில் வைக்க எவர்சில்வர் சம்படம் 150 சொல்லியிருக்கிறேன் அத்தை. கோயம்புத்தூரில். ஒன்று 112 ரூபாய். முன்பணம் கொடுத்துவிட்டேன். பழைய வரிதான் போடுவேன் என்கிறார்.

அத்தை: பில் போட்டுவிட்டாரா?

செந்தில்: இல்லை. கைச்சீட்டு மட்டும்

அத்தை: அப்படியென்றால் பழைய வரி போட முடியாது. சரக்கும் பில்லும் 22 அன்றோ பிறகோ வந்தால் புது வரிதான், முன்பணம் எப்போது கொடுத்தாலும் சரி. எவர்சில்வர் பாத்திரம் 12இலிருந்து 5. ஒன்றுக்கு 7 ரூபாய், 150க்கு 1050 ரூபாய். திங்கட்கிழமை காலையில் பில் போட்டுக் கொடுங்கள் என்று மரியாதையாகச் சொல். முடியாது என்றால் 1915 நுகர்வோர் எண் இருக்கிறது.

செந்தில்: கேட்கிறேன் அத்தை

கவிதா: 1050 ரூபாயில் பூ வந்துவிடும்

அத்தை: துணிப் பைக்கும் அதே 12இலிருந்து 5தான். சேர்த்துக் கேள். இன்னொரு செய்தி. பழைய விலை அச்சடித்த சரக்கு கடையில் இருக்கும். அதை ஒதுக்கிவிட்டுப் புதுச் சரக்குக்காக அலைய வேண்டாம். விற்காத சரக்கில் திருத்திய விலையை ஒட்டி விற்க டிசம்பர் 31 வரை அனுமதி இருக்கிறது. அச்சில் பழைய விலை இருந்தாலும் பில்லில் குறைந்த விலை வர வேண்டும். பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

காலை 9.15

சித்தி: எங்கள் பொள்ளாச்சி ரேஷன் கார்டில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. பக்கத்து வீட்டில் இரண்டு பேர் வாங்குவதே இல்லை. கேட்டு வாங்கி அனுப்பட்டுமா?

அத்தை: வேண்டாம்.

சித்தி: சும்மா கிடக்கிறதே

அத்தை: அது ஏழை வீட்டு அடுப்புக்கு வந்த பருப்பு தங்கம். விருந்துக்கு அல்ல. தமிழக, கேரள எல்லையில் கோபாலபுரத்திலும் வேலந்தாவளத்திலும் ரேஷன் அரிசி கடத்துகிறவர்களைப் பிடிக்கிறார்கள். கல்யாண வீட்டுக்காரர் வண்டியில் ரேஷன் பருப்பு என்று பத்திரிகையில் வரவேண்டுமா?

ரேவதி: அப்பா பெயரோடு வரும்

அப்பா: வேண்டவே வேண்டாம்

கவிதா: மளிகை கொண்டுவந்தால் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்களா?

பாபு மச்சான்: வரிச் சாவடி 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதே போய்விட்டது. பில் கையில் இருந்தால் போதும். முன்பு வாளையாற்றில் லாரிகள் எவ்வளவு தூரம் நிற்கும்!

சித்தப்பா: சரி, தேங்காய் எண்ணெய் எங்கே வாங்குகிறீர்கள்

(சிறிது நேரம் யாரும் பதில் எழுதவில்லை)

செந்தில்: மாஸ்டர் 8 லிட்டர் எழுதியிருக்கிறார் சித்தப்பா. அவியல், எரிசேரி, பப்படம் எல்லாம் அதில்தான். இங்கே லிட்டர் 400ஐத் தாண்டிவிட்டது.

ரேவதி: சப்ளைகோ அரசுக் கடையில் மலிவு

அத்தை: 1974இலிருந்து அந்தக் கடைகளால்தான் நம் ஊர் அடுப்புகள் எரிகின்றன, மறுக்கவில்லை. ஆனால் மானிய எண்ணெய்க்குக் கார்டுக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. விருந்துக்கு ஆகாது.

பாபு மச்சான்: தேங்காய் எண்ணெய்க்கு வரி குறையவில்லையா?

அத்தை: சமையல் எண்ணெய் அன்றும் 5, திங்கட்கிழமையும் 5. சின்னப் பாட்டிலில் வருவது சமையலுக்கா தலைக்கா என்று வருடக்கணக்கில் வழக்கு நடந்து, சமையல் எண்ணெய்தான் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொன்னது. இப்போது தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் 18 போய் 5 வருகிறது. எண்ணெய் விலை ஏறியதற்குக் காரணம் வரி அல்ல. மரத்தில் காய் இல்லை. மணியைக் கேளுங்கள்.

சித்தப்பா: வெள்ளை ஈ ஒரு பக்கம், வேர் வாடல் ஒரு பக்கம். போன வருடக் கோடை வெயிலில் பாளை கருகியது. ஆனைமலைப் பக்கம் எத்தனை தோப்பில் மரத்தை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள் என்று வந்து பாருங்கள். இருக்கிற காயையும் இளநீராக வெட்டிவிடுகிறார்கள். அரவைக் கொப்பரைக்கு அரசு ஆதார விலை குவிண்டாலுக்கு 11,582. சந்தையில் அதைவிட எவ்வளவோ மேலே போய்விட்டது. விலை இருக்கும்போது காய் இல்லை, காய் இருக்கும்போது விலை இல்லை. எங்களுக்கு என்றைக்குமே அப்படித்தான்.

கவிதா: கேட்கவே கஷ்டமாக இருக்கிறது சித்தப்பா

பாபு மச்சான்: சுத்திகரிக்காத சூரியகாந்தி எண்ணெய், பாமாயில் அடிப்படை இறக்குமதி வரியை மே கடைசியில் 20இலிருந்து 10 ஆக்கினார்கள்.

சித்தப்பா: அதனால் தென்னை விவசாயிக்கு என்ன கிடைத்தது மாப்பிள்ளை?

பாபு மச்சான்: அதைத்தான் நானும் கேட்கிறேன். இதில் நாம் ஒரே கட்சி.

செந்தில்: சித்தப்பா, உங்கள் மில்லிலிருந்தே 8 லிட்டர் எடுத்துக்கொள்கிறோம். பணம் அனுப்பிவிடுகிறேன்.

சித்தப்பா: ரேவதி கல்யாணத்துக்குத் தேங்காய் கொடுத்தபோதும் பணம் என்றுதான் பேச்சு வந்தது.

ரேவதி: அப்போது பணம் வாங்கிக்கொண்டீர்களே சித்தப்பா

(சித்தி இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்)

அத்தை: ரேவதி, சும்மா இரு. அந்த வருடம் தோப்புப் பிரிவினை முடிந்து பத்திரத்துக்கு மணி கடன் வாங்கியிருந்தான். வீட்டில் பேச வேண்டியதை இங்கே எழுதாதே.

சித்தப்பா: 100 தேங்காய் என் அண்ணனுக்கு என் கையால் வரும். அதற்குப் பணம் என்று யாரும் சொல்லக் கூடாது. எண்ணெய் என் மில் அல்ல, கூலிக்கு ஆட்டுவது. ஆட்டுக்கூலி மட்டும் கொடுங்கள்.

அப்பா: மணி, அப்பாவின் தோப்புக் காய் என்றால் போதும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

சித்தப்பா: சரிங்க அண்ணா

காலை 10.05

சித்தி: புரட்டாசியில் கல்யாணமா என்று என் தங்கை கேட்கிறாள். என்ன சொல்வது?

அத்தை: பிறந்த மாதம், பிறந்த நட்சத்திரத்தில்தான் அறுபது செய்வது. பெரிய தம்பி பிறந்த 1965 விசுவாவசு, இதுவும் விசுவாவசு. சுற்று முழுதாக வந்துவிட்டது. அந்த வருடம் இங்கே சட்டசபைத் தேர்தல் நடந்தும் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் சபை கூடவே இல்லை. அம்மா நிறைமாதமாக ரேஷன் வரிசையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அண்டாவில் சோறு வடிக்கும் நாள் இவனுக்கு வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அதனால்தான் ஒவ்வொரு ரூபாயையும் கேட்டுக் கேட்டுச் செலவு செய்யச் சொல்கிறேன். பந்தியில் மட்டும் குறை வைக்காதீர்கள்.

கவிதா: ❤️

ரேவதி: சரி அத்தை

பாபு மச்சான்: உள்ளாட்சித் தேர்தல் வருகிறது. அழைப்பிதழ் மூன்று கட்சிக்காரர்களுக்கும் கொடுக்க வேண்டும். வார்டு பிரித்ததில் நம் தெரு எந்த வார்டு என்று பாருங்கள்.

சித்தப்பா: மாப்பிள்ளை நிற்கிறார் என்று கேள்விப்பட்டேன்

பாபு மச்சான்: யார் சொன்னது?

ரேவதி: யார் சொன்னது??

சித்தி: டீக்கடையில்

பாபு மச்சான்: கேட்டார்கள். பதில் சொல்லவில்லை.

ரேவதி: என்னிடமும் சொல்லவில்லை

செந்தில்: அதைப் பிறகு பேசுவோம். நாளை அரிசி, பருப்பு, மசாலா, சித்தியும் கவிதாவும். செவ்வாய் நெய். சம்படம் நான். எண்ணெய் சித்தப்பா. சரிதானே?

சித்தப்பா: தேங்காயும் எண்ணெயும் கொண்டுவர வண்டி?

செந்தில்: மச்சான் வண்டி இருக்கிறதே

பாபு மச்சான்: வியாழன் வரை வண்டி பட்டறையில்

சித்தி: கோபாலபுரம் பஸ்ஸில் 100 தேங்காயா

அத்தை: நெய்யைத் திங்கட்கிழமையே விசாரித்துவிடு செந்தில். விலையை எனக்கு எழுது.

சித்தி: நாளைக்கு எத்தனை மணிக்கு என்று யாராவது சொல்லுங்கள். தர்ப்பணம் முடிந்து அவர் வரப் பதினொன்று ஆகும்.