உட்கடைக்கண் தோல் மடிப்புக்குச் சத்திரசிகிச்சை எப்போது தேவை?

கொக்குவில் தாய்:
என் மகளுக்கு இரண்டரை வயது. மூக்கை ஒட்டிய கண்மூலையை மேலிமைத் தோல் மடிந்து மூடியிருப்பதால், அவள் பக்கம் திரும்பிப் பார்க்கும்போது ஒரு கண்ணின் வெள்ளைவிழி உட்புறத்தில் தெரிவதேயில்லை. அம்மம்மா முதல் அயலவர் வரை வாக்குக் கண் (மாறுகண்) என்றே சொல்கிறார்கள். பாடசாலையில் சேர்க்கும் முன்னரே அந்த மடிப்பைச் சத்திரசிகிச்சையால் அகற்றிவிடலாம் என்று உறவினர் ஒருவர் கூறுகிறார். செய்யலாமா? தழும்பு விழுமா?

ஓய்வுபெற்ற தாதி:
சகோதரி, அவசரப்பட வேண்டாம். குழந்தைகளின் மூக்குத்தண்டு தட்டையாக இருப்பதால் இம்மடிப்பு பலரிடம் காணப்படுகிறது. மூக்கு உயர உயர அந்தத் தோல் இழுபட்டுப் பெரும்பாலும் தானே மறைந்துவிடும். மூக்குத்தண்டின் தோலை இரு விரல்களால் மெதுவாகக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மடிப்பு விலகி, மறைந்திருந்த வெள்ளைவிழி தெரியும். பிறகு சிறிய ரோச் வெளிச்சத்தை நேரே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரு கருமணிகளிலும் ஒளிப்புள்ளி ஒரே இடத்தில் விழுந்தால், அது பெரும்பாலும் வாக்குக் கண் போன்ற தோற்றம் மட்டுமே. ஆயினும் மடிப்புள்ள பிள்ளைக்கு உண்மையான வாக்குக் கண்ணும் இருக்கலாம் என்பதால், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கண் பிரிவில் ஒருமுறை காட்டி, கண்ணை மாறி மாறி மூடிப் பார்க்கும் பரிசோதனையைச் செய்வித்தே ஆகவேண்டும்.

மானிப்பாய் தகப்பன்:
எங்கள் மகனின் நிலை வேறு. அவனுக்கு மடிப்பு கீழிமையிலிருந்து மேல்நோக்கி எழுந்திருந்தது, இமைகள் தொங்கியிருந்தன, உள்மூலைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று விலகியிருந்தன. நாடியை உயர்த்தியே எங்களைப் பார்ப்பான். ஃபொக்ஸ்எல்2 என்னும் மரபணுவின் மாற்றத்தால் வரும் நிலை அது என்று வைத்தியர் விளக்கினார். கருமணியை இமை மறைத்தால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தாமல் விட்டுப் பார்வை மங்கிவிடும் என்பதால், இத்தகைய பிள்ளைகளுக்குக் காத்திருப்பதே ஆபத்து.

நான்கு வயதில் முதலில் உள்மூலையைத் திருத்தினார்கள். தோலில் மையினால் கோடுகள் வரைந்து, அதைச் சிறு துண்டுகளாக இடம்மாற்றித் தைத்து, மூலையைப் பிடிக்கும் தசைநாரையும் சுருக்கினார்கள். பின்னர் இன்னொரு சத்திரசிகிச்சையில் இமைகளை நெற்றித் தசையுடன் இணைத்தார்கள். கண்ணீர் வடியும் நுண்குழாய்கள் தோலுக்கு மிக அருகில் இருப்பதால், இது தேர்ந்த கையால் மட்டுமே செய்யப்பட வேண்டியது. தழும்பு பல மாதங்கள் சிவந்து தடித்திருந்து, பிறகே மங்கியது. அழகுக்காக மட்டும் செய்வதாயின், அந்தத் தழும்பை நினைத்தே முடிவெடுங்கள்.

கொக்குவில் தாய்:
இருவருக்கும் நன்றி. ஒளிப்புள்ளி இரு கண்களிலும் நடுவிலேயே விழுகிறது. அவள் நாடியை உயர்த்துவதுமில்லை. பரிசோதனைக்குக் கட்டாயம் கூட்டிச் செல்கிறேன்; சத்திரசிகிச்சைப் பேச்சை அதன்பிறகு பார்த்துக்கொள்கிறோம்.