பெயர்சொல்லிப் பொறி: ஒரு கலைச்சொல் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜெர்மானிய ஊர்ச் சின்னங்களில் 'ரெடெண்டெஸ் வாப்பன்' என்றொரு வகை உண்டு. ஊர்ப்பெயரையே படமாகக் காட்டும் சின்னம். இதற்குச் 'சிலேடைச் சின்னம்' போதும் என்று முன்மடலில் வந்தது. எனக்கு உடன்பாடில்லை; 'பெயர்சொல்லிப் பொறி' என்பதே என் பரிந்துரை (பொறி என்றால் இங்கே பொறித்த சின்னம்).

பவேரியாவின் தென்கோடியில் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஷ்வான்காவ் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் சின்னத்தில் இருப்பது அன்னம். ஷ்வான் என்றால் அன்னம், காவ் என்றால் வட்டாரம். அந்த ஊரை ஆண்ட வீரர் குடும்பத்துக்கும் அன்னமே அடையாளம். அக்குடும்பத்துக் கவிஞர் ஹில்ட்போல்டின் ஓவியம் 14ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றில் இருக்கிறது, அதிலும் அன்னம்! அப்புறம் 1869இல் மன்னர் இரண்டாம் லுட்விக் அங்கே கட்டத் தொடங்கிய கோட்டைக்கும் பின்னாளில் நொய்ஷ்வான்ஸ்டைன், அதாவது 'புதிய அன்னக்கல்' என்றே பெயர் வந்தது. இதில் சிலேடை எங்கே? அன்னம் அன்னத்தையே குறிக்கிறது, இரண்டாம் பொருள் இல்லை.

பெர்லின் கதை வேறு. அந்தப் பெயர் சதுப்புநிலத்தைக் குறிக்கும் ஸ்லாவிய வேரிலிருந்து வந்தது. ஆனால் முதல் அசை ஜெர்மன் மொழியில் கரடியைக் குறிக்கும் சொல் போல ஒலிக்கிறது. 1280ஆம் ஆண்டு முத்திரையிலேயே கரடி ஏறிவிட்டது. இதைச் சிலேடை எனலாம். நமக்கு வேண்டியது இரண்டையும் தாங்கும் சொல்.

'பேசும் சின்னம்' என்பது அந்த ஜெர்மன் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு. ஆனால் என்ன பேசும் என்ற கேள்வி நிற்கிறது. அது பேசுவது ஒன்றே ஒன்று, தன் ஊரின் பெயர். பேர் சொல்லும் பிள்ளை என்கிறோமே, அந்தச் 'சொல்லும்'தான் இங்கே பொருந்துகிறது. 'பெயர் சொல்லும் பொறி' என்பதைப் 'பெயர்சொல் பொறி' என்று சுருக்கினால், ஒரு 'ச்' நுழைந்ததும் இலக்கணப் பெயர்ச்சொல் ஆகிவிடும். ஆகவே ஒலிபெருக்கி போல 'பெயர்சொல்லி' என்று சேர்த்தே எழுதலாம்.

சரி, ஏன் பொறி? குலச்சின்னம் என்றால் வீரர் குடும்பத்துக்குச் சரி, ஊராட்சிக்குப் பொருந்தாது. மரபுச்சின்னம் என்றால் பழைய கோயிலும் கோட்டையும் நினைவுக்கு வருகின்றன. இமயத்தில் வில் பொறித்தான் என்று நாம் காலங்காலமாகச் சொல்லும் வினை பொறியில் அப்படியே இருக்கிறது. இயந்திரப் பொருளோடு குழம்பும் என்பவர்களுக்கு: 'ஊர்ப்பொறி' என்று எழுதினால் யாரும் இயந்திரத்தை நினைக்கமாட்டார்கள்.

ஆக, ஷ்வான்காவின் அன்னம் பெயர்சொல்லிப் பொறி. பெர்லின் கரடியும் அதே வகைதான், உட்பிரிவாக 'ஒலியொப்புப் பொறி' என்று வைக்கலாமா?