ஈஸ்டில் மெக்1 ஜீனை நீக்க முடியவில்லை. சீனியரின் ஸ்ட்ரெயினில் மட்டும் அது இல்லாமலே எப்படி வளர்கிறது?

பந்தாய் மாணவி: வணக்கம். கோலாலம்பூரில் இறுதி ஆண்டு ஆய்வு செய்கிறேன். டிஎன்ஏ கட்டத் தேவைப்படும் டிஎன்டிபிகளை ஈஸ்ட் எப்படி அளவோடு தயாரிக்கிறது என்பது தலைப்பு. பிஒய்4741 என்ற ஆய்வக ஈஸ்டின் ஹாப்ளாய்டில் (ஒவ்வொரு ஜீனும் ஒரே பிரதி உள்ள செல்) மெக்1 ஜீனை எடுத்துவிட்டு, ஜி418 என்ற ஈஸ்டைக் கொல்லும் மருந்துக்கான எதிர்ப்பு ஜீனை வைக்கப் பார்க்கிறேன். ஜி418 ப்ளேட்டில் வரும் காலனிகள் மிகக் குறைவு. பிசிஆர் போட்டால் எல்லாவற்றிலும் பழைய மெக்1 அப்படியே இருக்கிறது. ஒன்றில் மட்டும் பழையதும் புதியதும் இரண்டுமே தெரிகின்றன. ஆனால் சீனியர் ஒருவர் விட்டுப்போன ஃப்ரீசர் குழாயில் 'மெக்1 நீக்கியது' என்று எழுதியிருக்கிறது, அது நன்றாக வளர்கிறது. பிரைமரை மாற்றியும் பார்த்தேன். எங்கே தவறுகிறது?

குளுகோர் அண்ணன்: தங்கச்சி, உங்கள் பிசிஆர் சரியாகத்தான் சொல்கிறது. மெக்1 இல்லாத ஹாப்ளாய்டு உயிரோடு இருக்காது. உண்மையில் ஜீன் போன செல்கள் செத்துவிட்டன. பிழைத்தவற்றில் எதிர்ப்பு ஜீன் வேறு எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கும். இரண்டு பேண்டும் தெரியும் காலனியில் அந்த குரோமோசோம் இரட்டித்திருக்கலாம், அல்லது செல்லே டிப்ளாய்டு (எல்லா ஜீனும் இரண்டு பிரதி) ஆகியிருக்கலாம்.

ஏன் சாகிறது என்பதுதான் உங்கள் தலைப்பின் மையமே. டிஎன்டிபி தயாரிக்கும் நொதி ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ், சுருக்கமாக ஆர்என்ஆர். அதன் பெரிய துணையலகான ஆர்என்ஆர்1-ஐ எஸ்எம்எல்1 என்ற சின்னப் புரதம் (104 அமினோ அமிலம்தான்) பிடித்து முடக்கி வைத்திருக்கிறது. செல் டிஎன்ஏ நகலெடுக்கும் எஸ் கட்டத்துக்கு வந்ததும், அல்லது டிஎன்ஏ பழுதானதும், மெக்1, ராட்53, டன்1 என்று மூன்று கைனேஸ்கள் (பிற புரதங்கள் மீது பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகள்) ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. கடைசியில் டன்1, எஸ்எம்எல்1 மீது பாஸ்பேட்டை ஒட்ட, அந்தப் புரதம் சிதைக்கப்படுகிறது. அது மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் வைத்த கட்டை மாதிரி. மெக்1 இல்லையென்றால் கட்டையை எடுக்க ஆளில்லை. டிஎன்டிபி போதாமல் நகலெடுப்பு நடுவழியில் நிற்கும்.

எஸ்எம்எல்1-ஐயும் நீக்கினால் மெக்1 இல்லாமலே செல் பிழைக்கும், ராட்53 இல்லாமலும் பிழைக்கும். 1998-இல் ராத்ஸ்டைன் ஆய்வகம் காட்டியது இதைத்தான். ஆர்என்ஆர்1-ஐ அதிகமாக உற்பத்தி செய்ய வைத்தாலும் பிழைக்கும். ஆக உங்கள் சீனியரின் குழாயில் எஸ்எம்எல்1-உம் இருக்காது என்றே நினைக்கிறேன். லேபிளில் அதை எழுதாமல் விட்டிருப்பார்கள். பிசிஆர் போட்டுப் பாருங்கள்.

பந்தாய் மாணவி: மிக்க நன்றி அண்ணா. இன்னொன்றும் இருக்கிறது. சீனியர் ஸ்ட்ரெயினை, ஆர்என்ஆரை நிறுத்தும் மருந்தான ஹைட்ராக்ஸியூரியா 10 மில்லிமோலார் கலந்த ப்ளேட்டில் புள்ளி வைத்தேன். சாதாரண ஸ்ட்ரெயின் மாதிரியே வளர்ந்துவிட்டது. மெக்1 உண்மையிலேயே இல்லையென்றால் அது வளரக்கூடாது, இல்லையா?

ப்ளேட் ஊற்றும் அக்கா: இதற்கு நான் சொல்கிறேன், நம் ஊர் ஈரக் காற்றில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் மருந்தைச் சந்தேகியுங்கள். ஹைட்ராக்ஸியூரியா ஈரத்தை உறிஞ்சும், ஈரத்தில் சிதையும். பாட்டிலைக் குளிரிலிருந்து எடுத்த உடனே திறந்தால் பொடி மீது நீர் படியும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள், சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். பொடி கட்டியாகியிருந்தால் புதிது வாங்கச் சொல்லுங்கள். ஆட்டோக்ளேவிலிருந்து வந்த கொதிக்கும் அகாரில் போடவே கூடாது; கையில் பிடிக்கும் சூட்டுக்கு, சுமார் 55 டிகிரிக்கு இறங்கட்டும். அன்றைக்குக் கரைத்து அன்றைக்கே ஊற்றுங்கள். பழைய ப்ளேட்டை நம்பாதீர்கள்.

அப்புறம் ஒவ்வொரு ப்ளேட்டிலும் கண்டிப்பாகச் சாகும் என்று தெரிந்த ஒரு ஸ்ட்ரெயினையும் சேர்த்து வையுங்கள். அதுவும் வளர்ந்தால் கோளாறு ப்ளேட்டில்தான். இந்த மருந்து ஆர்என்ஆரின் சிறிய துணையலகான ஆர்என்ஆர்2-இல் உள்ள, நொதி வேலை செய்யத் தேவையான டைரோசில் ரேடிக்கலை அழித்து நொதியை நிறுத்துகிறது. சாதாரண ஈஸ்ட் 100 மில்லிமோலாரில்கூட மெதுவாக வளரும். மெக்1-உம் எஸ்எம்எல்1-உம் இல்லாதது 10-லேயே படுத்துவிடும்.

பந்தாய் மாணவி: புதிய பொடியில் ப்ளேட் ஊற்றினேன் அக்கா. சீனியர் ஸ்ட்ரெயின் வளரவே இல்லை, சாதாரணது நன்றாக இருக்கிறது. பிசிஆரில் எஸ்எம்எல்1 இடத்தில் ஹிஸ்3 என்ற அடையாள ஜீன் உட்கார்ந்திருக்கிறது. அண்ணா சொன்னது அப்படியே சரி! இனி நானே புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் எது முதலில்?

குளுகோர் அண்ணன்: மகிழ்ச்சி. முதலில் எஸ்எம்எல்1-ஐ நீக்குங்கள், அதன் மேல் மெக்1-ஐ. இன்னும் தெளிவான வழி, டிப்ளாய்டில் மெக்1-இன் ஒரு பிரதியை மட்டும் நீக்கி, ஸ்போர் ஆக்கி, டெட்ராட் (ஒரு செல்லிலிருந்து வரும் நான்கு ஸ்போர்கள்) பிரிப்பது. நான்கில் இரண்டு மட்டும் வளரும்; அந்த இரண்டிலும் மெக்1 இருக்கும், எதிர்ப்பு ஜீன் இருக்காது, அதனால் ஜி418-இல் சாகும். மெக்1 இன்றியமையாதது என்பதற்கு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைவிட நல்ல படம் இல்லை.

மெக்1 பாதை எஸ்எம்எல்1-ஐ மட்டும் தொடுவதில்லை என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். டன்1 வழியாக சிஆர்டி1 என்ற ஒடுக்கியையும் டிஎன்ஏவிலிருந்து விலக்கி, ஆர்என்ஆர்2, 3, 4 ஜீன்களைத் திறந்துவிடுகிறது. டிஎன்ஏ பழுதானால் ஈஸ்டில் டிஎன்டிபி 6 முதல் 8 மடங்கு வரை ஏறும். அளவு மீறினால் பிறழ்வுகள் கூடும் என்பதால்தான் இத்தனை பூட்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: ஒப்பீட்டுக்குச் சாதாரண ஸ்ட்ரெயின் போதாது. எஸ்எம்எல்1 மட்டும் நீக்கியதையும் ஒவ்வொரு சோதனையிலும் வையுங்கள். அதில் டிஎன்டிபி ஏற்கெனவே சுமார் 2.5 மடங்கு அதிகம். அது இல்லாமல் நீங்கள் அளக்கும் வித்தியாசம் மெக்1 போனதாலா, எஸ்எம்எல்1 போனதாலா என்று யாராலும் சொல்ல முடியாது.