புது ஸ்டைல் ஏறும் நாளில் லைன் ஆக்களுக்கு எப்படிச் சொல்லி விளங்கப்படுத்துவது?

வாழைச்சேனை லைன்:
வணக்கம். மட்டக்களப்புப் பக்கம் ஒரு கார்மன்ட்டில் லைன் சூப்பவைசரா இருக்கிறன். லைனில் 24 மெஷின் ஆக்கள், தமிழும் முஸ்லிமும் கலந்து. பாதிப் பேர் வயசிலயும் சேர்விஸிலயும் என்னைவிட மூத்தவங்க. ஒரு ஸ்டைல், அதாவது ஒரு உடுப்பு மாதிரி, 3 கிழமை ஓடும். புது ஸ்டைல் ஏறுற அன்றைக்குக் காலையில கூட்டம் வைச்சுச் சொல்றன், எல்லாரும் தலையாட்டுறாங்க. மெஷினுக்குப் போனதும் பழைய முறைதான். மத்தியானத்துக்குள்ள ரிபெயார் குவியுது. திரும்பச் சொன்னா "முந்தித் தைச்சதும் நல்லாத்தானே இருந்தது" என்கிறாங்க. டார்கெட் ஏன் விழுந்தது என்று மனேஜர் பின்னேரம் கேட்டா ஒழுங்காப் பதில் சொல்லவும் வருதில்ல. குரலை உயர்த்தாம இதை எப்படிச் சரிசெய்றது?

மருதமுனைத் தறி:
காலைக் கூட்டத்தில் தையல் முறையைப் பழக்க ஏலாது. அங்க சொல்லக்கூடியது என்ன மாறுது, ஏன் மாறுது, சந்தேகம் வந்தா யாரைக் கேட்கிறது, இவ்வளவும்தான். மெஷின் போட முதல் 5 நிமிஷத்துக்குள்ள முடிச்சிடுங்க. மெஷின் ஓடத் தொடங்கினா கடைசி வரிசைக்குக் கேட்காது.

மிச்சம் மெஷினடியில. அமெரிக்காவில் 1940இல், போர்க்காலத் தொழிற்சாலைகளுக்கு வந்த புது ஆக்களைக் கெதியாப் பழக்க 'ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' என்றொரு திட்டம் தொடங்கினாங்க. போருக்குப் பிறகு அது ஜப்பானுக்கும் போனது. அதில் வேலை பழக்குற முறை 4 படி: ஆளை ஆயத்தப்படுத்துறது, செய்து காட்டுறது, அவங்களைச் செய்ய விடுறது, பிறகு போய்ப் பார்க்கிறது. செய்து காட்டுறதை 3 தரம் செய்யணும். முதல் தரம் படிகளை மட்டும் சொல்லி. இரண்டாம் தரம் பிழைக்கிற இடங்களைச் சொல்லி: விரல் எங்க நிற்கணும், எந்த இடத்தில ஊசியைக் கீழ விட்டுத் துணியைத் திருப்பணும். மூன்றாம் தரம் அதுக்குக் காரணத்தையும் சேர்த்து. முன்னுக்கு நின்று காட்டாதீங்க, இடது வலது மாறித் தெரியும். அவங்க பார்க்கிற திசையில பக்கத்தில இருந்து காட்டுங்க.

"விளங்கினதா?" என்று மட்டும் கேட்கவே வேணாம். 23 பேருக்கு முன்னால "இல்ல" என்று சொல்ல யாருக்கும் வெட்கம், "ஓம்" என்றுதான் வரும். "நான் வடிவாக் காட்டினேனா என்று பார்க்கணும், ஒரு துண்டு தைச்சுக் காட்டுங்கக்கா" என்று கேளுங்க. முதல் 5 துண்டை அங்கயே நின்று பாருங்க, அரை மணித்தியாலத்தில இன்னொரு தரம், பிறகு மணித்தியாலத்துக்கு ஒருக்கா.

நோன்பு மாதம் என்றா புது வேலையை முற்பகலிலயே காட்டி முடிங்க.

களுதாவளை வெற்றிலை:
24 பேருக்கும் 3 தரம் காட்ட நேரம் போதாது. கொலர் பூட்டுவது, கை பூட்டுவது, முன் பட்டி என்று சிக்கலான 3, 4 இடங்களுக்கு மட்டும் அந்த முறையை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மெஷின்களில் சரியான துண்டு ஒன்றையும் பிழையான துண்டு ஒன்றையும் கண்ணில் படும்படி கட்டிவிட்டால் போதும்.

ஆனால் "முந்தித் தைச்சதும் நல்லாத்தானே இருந்தது" என்பது விளங்காதவர்கள் சொல்லும் வார்த்தை இல்லை. முறை மாறினால் கை வேகம் குறையும், இன்சென்டிவ் (கூடத் தைத்தால் கிடைக்கும் மேலதிகக் காசு) போகும் என்ற பயம் அது. அந்தப் பயத்தைத் தொடாமல் எவ்வளவு அழகாக விளக்கினாலும் ஏறாது. வர்ஜீனியாவில் பிஜாமா தைத்த ஹார்வுட் தொழிற்சாலையில் கோச், பிரெஞ்ச் என்ற இருவர் செய்த ஆய்வு 1948இல் வெளியானது. அங்கும் துண்டுக்கணக்குச் சம்பளம்தான். மாற்றத்தை வெறுமனே அறிவித்த குழுவில் உற்பத்தி விழுந்து அப்படியே கிடந்தது, 40 நாளில் 17% பேர் விலகினார்கள். எல்லோரையும் கூட்டி, மாற்றத்தைத் திட்டமிடுவதிலேயே கலந்துகொள்ள வைத்த குழுக்கள் விரைவில் மீண்டு பழைய அளவையும் தாண்டின. பிரதிநிதிகளைத் தெரிந்தெடுத்துக் கலந்துகொண்ட குழுவும் மீண்டது.

ஆகவே ஸ்டைல் ஏறுவதற்கு 2 நாள் முன்பே மூத்த 4 பேரை மாதிரித் துண்டோடு 15 நிமிடம் உட்கார வைத்து, எந்த இடத்தில் பிசகும் என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதில் ஒன்றையாவது செய்து, அது யாருடைய யோசனை என்பதைக் கூட்டத்தில் சொல்லுங்கள். பையர் (ஓடர் தந்த கம்பனி) கொடுத்த அளவு, அங்குலத்துக்கு இத்தனை தையல் என்பவை மாறாது. அவற்றைப் பற்றி அபிப்பிராயம் கேட்காதீர்கள். முடிந்த விஷயத்தை முடியாததுபோல் கேட்டால் அடுத்த தடவை யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

டார்கெட்டையும் கணக்கோடு சொல்லுங்கள். ஒரு துண்டுக்கு எஸ்எம்வி (அதைத் தைத்து முடிக்கக் கணக்கிட்ட நேரம்) 12 நிமிடம், வினைத்திறன் 60% என்றால் 24 × 60 × 0.6 ÷ 12 = மணிக்கு 72. முதல் நாளே 60% வராது. 40% என்றால் 48, 50% என்றால் 60. முதல் நாள் 48, அடுத்த நாள் 60, மூன்றாம் நாள் 72 என்று போர்டில் எழுதுங்கள்.

சம்மாந்துறை வயல்:
மேல இரண்டு பேரும் சொன்னது சரி. மூத்த ஆக்களைத் திருத்துறதைப் பற்றி ஒன்று. லைனுக்குக் குறுக்கால கூப்பிட்டுச் சொல்லவே கூடாது. கிட்டப் போய், துண்டைக் கையில வைச்சு, "மாமி, இந்த ரெண்டிலயும் முனை உள்ள போயிருக்கு. துணி வழுக்குதா, பிடிக்க இடம் காணாதா?" என்று கேளுங்க. கதை துண்டைப் பற்றியே இருக்கட்டும், "நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று ஆளுக்கு மாறினா அவ்வளவுதான். ஒரே பிழை 3 பேரிட்ட வந்தா ஆக்களை விட்டுட்டு கட்டிங்கையும் மெஷினையும் பாருங்க. ஒருத்தரை ராத்தா என்றும் அதே வயசு இன்னொருத்தரைப் பேர் சொல்லியும் கூப்பிட்டா லைன் ரெண்டாப் பிரியும். கலந்த லைனில இது சின்ன விஷயம் இல்ல.

மனேஜருக்குப் பின்னேரம் சொல்றது விளக்கம், காலை 10 மணிக்குச் சொன்னாத்தான் தகவல். என்ன நடக்குது, பின்னணி என்ன, என்ன காரணம் என்று நினைக்கிறன், என்ன வேணும் என்ற ஒழுங்கில சொல்லுங்க. அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில இருந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்த முறை இது. இப்படி: "சேர், 72க்கு 51தான் வருது. கொலர் பூட்டுற 2 மெஷினில துணி இழுபடுது, ஊசி மாற்றியும் சரிவரல்ல. துணியை நகர்த்துற ஃபீட் பிழை என்று நினைக்கிறன். 10.30க்கு முதல் மெக்கானிக் வேணும், வராட்டி பின்னேரத்துக்குள்ள 100 துண்டளவு குறையும்." வட்ஸ்அப்பில அனுப்பினாலும் இவ்வளவுதான், வொய்ஸ் வேணாம். கூட்டத்தில இருக்கிறவர் வொய்ஸைக் கேட்கமாட்டார்.

வாழைச்சேனை லைன்:
மூன்று பேருக்கும் நன்றி. 48 என்று போர்டில எழுத மனேஜர் விடமாட்டார், முதல் நாளே 72 வேணும் என்பார். இன்சென்டிவும் என் கையில இல்ல.

களுதாவளை வெற்றிலை:
டார்கெட்டைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், மீட்கும் கணக்கோடு போங்கள். நாளுக்கு 8 மணித்தியாலம் என்றால் முதல் 3 நாளில் 384, 480, 576, மொத்தம் 1440. 72 வீதம் ஓடியிருந்தால் 1728. குறைவு 288. நான்காம் நாளிலிருந்து மணிக்கு 75 போனால் நாளுக்கு 24 கூடும், 12 நாளில் 288 திரும்பிவிடும். உங்கள் 3 கிழமைக்குள் அது அடங்கும். கடந்த 2 ஸ்டைல்களின் முதல் 3 நாள் மணித்தியாலத் தாள்களையும் பக்கத்தில் வையுங்கள். 72 என்று எழுதிய நாட்களிலும் உண்மையில் எவ்வளவு வந்தது என்பதை அவரே பார்ப்பார்.

இன்சென்டிவ் பற்றி வாக்குக் கொடுக்க வேண்டாம். "பழகுற 3 நாளுக்கு இன்சென்டிவைக் குறைக்காம விடச் சொல்லிக் கேட்டிருக்கிறன், வியாழக்கிழமை பதில் சொல்றன்" என்று கூட்டத்தில் சொல்லுங்கள். பதில் 'இல்லை' என்று வந்தாலும் வியாழக்கிழமை காலை நீங்களே வந்து சொல்லுங்கள், கென்டீனில் வேறு யாராவது சொல்லக் கேட்கும்படி விடாதீர்கள்.