மறு: கண்ணாடி டம்ளர் பாடம் – ‘விடுவெள்ளை’ சரிதானா?

அனைவருக்கும் வணக்கம். நீர்வண்ண வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டம்ளரில் ஒளி மினுங்கும் இடத்தைப் பூசாமல் வெள்ளைத் தாளாகவே விடுவதற்கு ‘விடுவெள்ளை’ என்று பெயரிட்டிருந்தேன். அதற்கும் மற்ற கலைச்சொற்களுக்கும் அதற்குள் முடிவு வேண்டும்.

> ‘மிளிர்வெள்ளை’ என்று போடுங்கள், எல்லோருக்கும் புரியும்.

அது தப்பாகப் புரியும் ஐயா. மிளிர்வெள்ளை என்று படித்த மாணவர் நேரே வெள்ளை டியூபைத் திறப்பார். 1834-இல் வின்சர் அண்ட் நியூட்டன் கொண்டுவந்த துத்தநாக வெள்ளை, அதாவது சைனீஸ் ஒயிட், இன்றும் கிடைக்கிறது. அதை டம்ளர் விளிம்பில் வைத்தால் சுண்ணாம்புப் பொட்டாகத்தான் தெரியும். நீர்வண்ணத்தில் அந்த மினுக்கம் பூசி வருவதில்லை. சுற்றிலும் பூசி, அந்த இடத்தில் தாளை அப்படியே விடுவதால் வருவது. எனவே ‘விடு’ சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஊறுகாய் போல வினைத்தொகை: விட்ட, விடுகின்ற, விடும் வெள்ளை.

> ‘விடிவெள்ளி’ என்று காதில் விழும். ‘தாள்வெண்மை’ போதும்.

அம்மா, எழுத்தில் அந்தக் குழப்பம் வராது. தாள்வெண்மை என்பது வாங்கிவந்த தாளின் நிறத்தைத்தான் சொல்கிறது, ஓவியர் செய்த வேலையைச் சொல்லவில்லை. நெல்தாளில் தொடங்கிக் கதவுத் ‘தாள்’ வரை போன உங்கள் வேர்ச்சொல் ஆய்வில் ஒரு திருத்தம்: கதவில் இருப்பது தாழ். ‘அடைக்கும் தாழ்’ என்று குறளிலும் ழகரமே.

> ‘அடுத்தது காட்டும் பளிங்கு’ இருக்க, ‘அடுத்ததுகாட்டல்’ என்றே வைக்கலாமே?

அருமையான சொல், ஆனால் வேறொன்றுக்கு. தண்ணீர் நிறைந்த உருண்டை டம்ளர் வில்லைபோல் வேலை செய்து, சற்றுத் தள்ளிப் பின்னால் இருப்பதை இடம் வலமாக மாற்றிக் காட்டும். பின்புலத்தின் நிறத்தையே கண்ணாடிக்குள் வளைத்துத் தீட்டும் பகுதிக்கு இதைத் தலைப்பாக்குகிறேன்.

> மாஸ்கிங் ஃப்ளூயிட் = மறைநீர்மம்

‘மறை’ என்றதும் வேதம் நினைவுக்கு வரும். விடவேண்டிய இடத்தில் வண்ணம் படாதபடி முன்பே பூசும் இந்தத் திரவத்தின் மூலப்பொருள் ரப்பர் பால். கன்னியாகுமரிப் பக்கம் எல்லோர் வாயிலும் உள்ள சொல். காய்ந்ததும் விரலால் தேய்த்தால் உரிந்து வந்துவிடும். ‘மறைப்புப் பால்’ என்றால் பொருளும் பயனும் சேர்ந்து வரும். தூய தமிழ் கேட்பவர்கள் இதில் எதை மறுக்கப் போகிறீர்கள்?

பெரும்பாலோர் களைத்துப்போய் ‘சரி’ என்றுவிட்டதால் விடுவெள்ளை அச்சேறுகிறது. தாள்வெண்மையை அம்மா இன்னும் விடவில்லை; கலைச்சொல் பட்டியலில் அதையும் அருகில் சேர்த்திருக்கிறேன். மறைப்புப் பாலுக்கு மாற்று இருந்தால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள்.