சான் பிரான்சிஸ்கோவில் மூன்று நாள்: வாடகைக் காரா, ரயிலா?

பொள்ளாச்சி கார்த்தி
வணக்கம். ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், இருவருக்கும் 65-க்கு மேல். நாங்கள் இருவர், 4 வயதுப் பையன். எஸ்எஃப்ஓ ஏர்போர்ட்டில் இறங்கி, யூனியன் ஸ்கொயர் பக்கம் ஹோட்டலில் மூன்று இரவு, அப்புறம் தெற்கே கடற்கரை ஊரான மான்டரே. மச்சான் "ஏர்போர்ட்லயே கார் எடுத்துடு" என்கிறார். ஆபீஸ் நண்பர் "அந்த ஊருக்குள் காரா? கண்ணாடியை உடைத்துப் பெட்டியைத் தூக்கிவிடுவான்" என்கிறார். பாதுகாப்புதான் முதல் கேள்வி, செலவு அப்புறம். எது சரி?

ரயிலடி
நண்பர் சொல்வதுதான் சரி. ஊருக்குள் இருக்கும் மூன்று நாளும் கார் வேண்டாம். நான்காம் நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

திருட்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். காரின் முன் கண்ணாடி நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த இரட்டைக் கண்ணாடி. விரிசல் விடும், உதிராது. பக்கவாட்டுக் கண்ணாடி பெரும்பாலான கார்களில் சூடேற்றி இறுக்கிய ஒற்றைக் கண்ணாடி. ஒரு புள்ளியில் அடி பட்டால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டும், பெரிய சத்தமும் வராது. திருடர்கள் குறிவைப்பது பின் கதவுக்குப் பின்னால் இருக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடியை. அதை உடைத்துக் கையை விட்டு, பின் சீட்டை மடக்கும் நாடாவை இழுத்தால் டிக்கி முழுக்கத் தெரிந்துவிடும். பெட்டி இருந்தால் எடுப்பான், இல்லாவிட்டால் அடுத்த கார். அரை நிமிடம் கூட ஆகாது. ஆகவே "டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டோம்" என்பது பாதுகாப்பே இல்லை.

எங்கே என்றால் நீங்கள் போகப்போகும் இடங்களில்தான்: பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், அலமோ ஸ்கொயர், ட்வின் பீக்ஸ், லொம்பார்ட் தெருவைச் சுற்றிய சந்துகள், பிஷர்மேன்ஸ் வார்ஃப். 2017-இல் இந்த ஒரு நகரில் மட்டும் 31,000-க்கு மேல் கார் உடைப்புப் புகார்கள்.

தேனிக்காரன்
ரயிலடி அண்ணே, 2017 கணக்கை வச்சு இன்னைக்குக் கேட்கிறவருக்குப் பதில் சொல்லாதீங்க. 2024-ல கார் உடைப்பு முந்தின வருஷத்தை விட பாதிக்கும் மேல குறைஞ்சிருக்கு. போலீஸ் தூண்டில் கார் வச்சுப் பிடிக்கிறாங்க, நம்பர் பிளேட் படிக்கிற கேமரா போட்டிருக்காங்க. சட்டமும் மாறிடுச்சு. முன்னாடி கலிஃபோர்னியாவுல கார் பூட்டியிருந்ததை அரசுத் தரப்பு நிரூபிச்சாத்தான் அந்தக் குற்றச்சாட்டு நிக்கும். கார் சொந்தக்காரர் டூரிஸ்ட், ஊருக்குத் திரும்பிப் போயிருப்பார், சாட்சி சொல்ல ஆள் இருக்காது. கேஸ் அப்படியே போயிடும். 2024-ல கையெழுத்தான எஸ்பி 905 சட்டம் அந்த ஓட்டையை அடைச்சிடுச்சு.

இவர் கூட்டிட்டு வர்றது ரெண்டு பெரியவங்க, ஒரு சின்னப் பையன். அவங்களைப் பெட்டியோட ரயில்ல ஏத்தி, மார்க்கெட் தெருவுல இறக்கி, நடத்திக் கூட்டிட்டுப் போறதுதான் பாதுகாப்பா? போதைக்காரங்க தெருவுலயே நிக்கிற டெண்டர்லாய்ன் பகுதி வழியா ஒரு தடவை நடந்தா அம்மா மறுநாள் ஹோட்டலை விட்டே வெளிய வரமாட்டாங்க. கார்ல போனா வாசல்ல ஏறி வாசல்ல இறங்கலாம். கார்ல எதையும் வைக்காம இருந்தாப் போதும், போனா ஒரு கண்ணாடிதான் போகும்.

ரயிலடி
"ஒரு கண்ணாடிதான்" என்றால் அன்றைய நாளின் பாதி. போட்டோ எடுக்க வேண்டும், போலீஸ் இணையதளத்தில் புகார் பதிய வேண்டும் (திருடனை யாரும் பார்க்கவில்லை என்றால் இணையத்திலேயே பதியலாம், முதலில் தற்காலிக எண், பிறகுதான் உறுதியான எண்), கண்ணாடித் தூள் கிடக்கும் பின் சீட்டில் பையனை உட்கார வைக்க முடியாது, வாடகை நிறுவனத்தின் ஏர்போர்ட் கவுன்டருக்குப் போய்க் காரை மாற்ற வேண்டும். வாடகையோடு எடுக்கும் சேதக் காப்பு காருக்குத்தான், உள்ளே இருந்த பொருளுக்கு இல்லை. பயணக் காப்பீட்டிலும் ஆளில்லாத காரில் விட்ட பொருளுக்குப் பல பாலிசிகள் பணம் தராது. வாங்குமுன் அந்த வரியைப் படியுங்கள்.

டெண்டர்லாய்ன் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அதைத் தவிர்க்கக் கார் வேண்டியதில்லை, வரைபடம் போதும். தோராய எல்லை: வடக்கே கியரி, தெற்கே மார்க்கெட், கிழக்கே மேசன், மேற்கே வான் நெஸ். உள்ளே எடி, டர்க், எல்லிஸ், ஜோன்ஸ், லெவன்வர்த், ஹைட். சிக்கல் என்னவென்றால் விலை குறைந்த "யூனியன் ஸ்கொயர்" ஹோட்டல்கள் பல இந்த ஓரத்தில்தான் நிற்கின்றன. கியரி தெருவில் கதவு எண் 500-ஐத் தாண்டினால் டெய்லர் தெருவைத் தாண்டிவிட்டீர்கள். அதற்குக் கிழக்கே, அல்லது கியரிக்கு வடக்கே போஸ்ட், சட்டர் தெருக்களில் அறை எடுங்கள். கார்த்தி, ஹோட்டல் முகவரி என்ன தெரு?

பொள்ளாச்சி கார்த்தி
எல்லிஸ் தெரு, ஜோன்ஸ் முனைக்குப் பக்கத்தில். ரத்து செய்ய இன்னும் நேரம் இருக்கிறது.

தேனிக்காரன்
உடனே மாத்துங்க. இதுல ரயிலடியோட எனக்குச் சண்டையே இல்லை.

பனிமூட்டம்
இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் பயமுறுத்துகிறீர்கள். டெண்டர்லாய்னில் பார்க்கப்போவது போதையில் மடங்கி நிற்பவர்கள், கூடாரம், அசுத்தம், தனக்குத்தானே கத்துபவர்கள். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கவனம் உங்கள் மேல் இல்லை. உற்றுப் பார்க்காமல், போட்டோ எடுக்காமல், பதில் பேசாமல், தேவைப்பட்டால் எதிர் ஓரத்துக்கு மாறிப் போனால் பகலில் ஒன்றும் ஆகாது. 2024-இல் எட்டு லட்சம் பேர் வாழும் நகரில் 35 கொலைகள். அதுவரையிலான அறுபது ஆண்டுகளில் மிகக் குறைவு அது. அதே ஆண்டு சாலை விபத்தில் இறந்தவர்கள் அதைவிட அதிகம்.

அப்பா அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். ஊர்ப் பழக்கத்தில் வலப்பக்கம் பார்த்துக் கால் வைப்பார்கள், முதல் வண்டி இடப்பக்கமிருந்து வரும். சிவப்பு விளக்கிலும் வலது திரும்ப அநேக இடத்தில் அனுமதி உண்டு. அப்படித் திரும்பும் ஓட்டுநர் இடப்பக்கம் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நகர்வார், வலப்பக்க ஓரத்தில் இறங்குபவர் அவர் கண்ணில் படமாட்டார். நடக்கும் விளக்கு எரிந்தாலும் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். சிக்னலில் எண் இறங்கிக்கொண்டிருக்கும்போது பெரியவர்கள் புதிதாகக் கடக்கத் தொடங்கவே கூடாது. வான் நெஸ், கியரி மாதிரி அகலமான தெருவில் பாதியில் மாட்டிக்கொள்வார்கள்.

இன்னொன்று ஓஷன் பீச். மெரினா என்று நினைத்து முழங்கால் வரை இறங்குவார்கள். தண்ணீர் கோடையிலும் 15 டிகிரியைத் தாண்டுவது அரிது. அமைதியாக இருக்கும்போதே திடீரென ஒரு பெரிய அலை மணல்மேடு வரை ஏறி ஆளை இழுக்கும். மக்கள் மூழ்கி இறந்த இடம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். பையனை ஈர மணலுக்குக் கீழே விடாதீர்கள், கடலுக்கு முதுகு காட்டிப் போட்டோ எடுக்காதீர்கள்.

சுமதி ஃப்ரீமான்ட்
காரைப் பற்றியே பேசுகிறீர்கள், அம்மா கழுத்தில் இருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. 2022-இல் பக்கத்துச் சான்டா கிளாரா கவுன்ட்டியில் புடவை, பொட்டோடு இருந்த 14 இந்துப் பெண்களின் கழுத்துச் சங்கிலியைப் பறித்த வழக்கு, வெறுப்புக் குற்றமாகப் பதிவானது. அது பறிப்பு. இன்னொரு வகை இனிக்க இனிக்கப் பேசி எடுப்பது. கார் ஓரமாக நிற்கும், உள்ளே குடும்பம் மாதிரி ஆணும் பெண்ணும். வழி கேட்பார்கள், "எங்கள் அம்மா மாதிரி இருக்கிறீர்கள்" என்பார்கள். அந்தப் பெண் இறங்கிக் கட்டிப்பிடித்து ஒரு பளபளச் சங்கிலியைப் பரிசாகப் போட்டுவிடுவாள். போடும்போதே அசலின் கொக்கியைக் கழற்றிவிடுவாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கழுத்தில் பித்தளை.

காருக்கும் அம்மாவுக்கும் நடுவே இரண்டு கை தூரம் இருக்க வேண்டும். குனிந்து சன்னல் பக்கம் போகவே கூடாது. யாராவது கை நீட்டினால் ஒரே வார்த்தை, "நோ", சத்தமாக. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்து ரவிக்கைக்குள் விடட்டும். கொடி, வளையல் எல்லாம் ஊரிலேயே இருக்கட்டும், ஹோட்டல் லாக்கரை நம்பிக் கொண்டு வர வேண்டாம்.

தேனிக்காரன்
சுமதிக்கா, நீங்க சொன்னது நடந்தது சன்னிவேல் மாதிரி புறநகர்ல, வீட்டு வாசல், பூங்கா, நடைப்பயிற்சி நேரத்துல. யூனியன் ஸ்கொயர் கூட்டத்துக்கு அது பொருந்தாது. அம்மாகிட்ட கொடியைக் கழட்டச் சொன்னா டூர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வீட்ல பஞ்சாயத்து.

சுமதி ஃப்ரீமான்ட்
தம்பி, அவர்கள் நகரத்தில் இருப்பது மூன்று நாள்தானே, அப்புறம் வெளியூர்தான். கொடியைக் கழற்ற மனமில்லை என்றால் மறைத்தாவது வைக்கட்டும் என்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் ஜூலையிலும் குளிர் காற்று அடிக்கும், ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டால் பஞ்சாயத்தே வராது.

அடுத்தது பாஸ்போர்ட். ஹோட்டல் லாக்கரில் வைத்துவிட்டு நகல் மட்டும் எடுத்துப் போங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதி சரி. 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் பதிவுச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குடியேற்றச் சட்டம். விசாவில் வந்தவர்களுக்கு ஐ-94 தான் அந்தச் சான்று. சுங்கத்துறை இணையதளத்திலிருந்து எடுத்து அச்சிட்டு, பாஸ்போர்ட் முதல் பக்கம், விசாப் பக்கம் இரண்டின் நகலோடு சேர்த்து ஆளுக்கு ஒரு செட் கொடுங்கள். அசல் லாக்கரில்.

அசல் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், பிறகு ஆர்கெல்லோ புலவார்டு 540-இல் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகம். அவசரச் சான்றிதழ் வாங்கினால் இந்தியாவுக்கு ஒரு வழி மட்டும் போகலாம். விசா அதோடு போய்விட்டதே என்று பதற வேண்டாம். அமெரிக்காவை விட்டுக் கிளம்ப விசா தேவையில்லை, மறுபடி நுழையத்தான் புதிது வேண்டும்.

ரயிலடி
போன் விஷயம் விட்டுப்போனது. ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள் வரும் பார்ட் ரயிலில் பறிப்பு நடப்பது கதவோரத்தில், கதவு மூடும் நொடியில். கையில் போனோடு கதவுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்காராதீர்கள். அப்பாவின் வங்கி ஓடிபி எல்லாம் அவருடைய இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்தப் போன் போனால் கார்டும் முடங்கும். அவர் போனை உள் பாக்கெட்டில் வைத்துவிட்டு, வழி பார்க்க உங்கள் போனைப் பயன்படுத்துங்கள். வேறு வங்கியின் கார்டு ஒன்று தனிப் பையில் இருக்கட்டும். ஐபோன் என்றால் திருட்டுப் பாதுகாப்பு வசதியை அமைப்பில் இயக்கிவிடுங்கள். பாஸ்கோடு தெரிந்தவனும் கணக்கின் கடவுச்சொல்லை உடனே மாற்ற முடியாது.

ரயில் பெட்டியில் தகராறு என்றால் அந்தப் பெட்டியின் கடைசிக் கதவுக்கு மேல் இருக்கும் எண்ணைச் சொல்லி பார்ட் போலீஸை அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 911, "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அவசரமில்லாத புகாருக்கு 415-553-0123.

பொள்ளாச்சி கார்த்தி
எல்லாருக்கும் நன்றி. ஹோட்டலைச் சட்டர் தெருவுக்கு மாற்றிவிட்டேன். ஏர்போர்ட்டிலிருந்து ஐந்து பேரும் பெட்டிகளும் எப்படிப் போவது? நடுவே சுற்ற ஊபர் போட்டுக்கொள்ளட்டுமா?

தேனிக்காரன்
பார்ட்ல நாலு டிக்கெட் 40 டாலரைத் தாண்டிடும், பையனுக்கு மட்டும் இலவசம். அதுக்குப் பெரிய ஊபர் ஒண்ணு போட்டு வாசல்ல இறங்குங்க. ஏறும் முன்னாடி நம்பர் பிளேட்டைப் பாருங்க. உங்க பேரை நீங்க சொல்லாம, "யாரைக் கூட்டிட்டுப் போக வந்தீங்க"ன்னு டிரைவரைக் கேளுங்க. ஆனா ஒண்ணு, 8 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்குக் கார்ல மாட்டுற குழந்தைச் சீட்டு கட்டாயம், அது ஊபருக்கும் சேர்த்துத்தான். சீட்டு உங்ககிட்ட இருக்கணும்.

ரயிலடி
அந்தச் சீட்டை நாள் முழுக்கத் தூக்கித் திரிவதற்குப் பதில் நகரின் மூனி பஸ்ஸில் ஏறுங்கள், அங்கே குழந்தைச் சீட்டு வேண்டாம், 18 வயது வரை கட்டணமும் இல்லை. 28 எண் பஸ் லொம்பார்ட் வழியாகக் கோல்டன் கேட் பாலத்தின் டோல் பிளாசா வரை போகும். மார்க்கெட் தெருவில் எஃப் டிராம் ஏறினால் பிஷர்மேன்ஸ் வார்ஃபில் விடும். ட்வின் பீக்ஸ் ஒன்றுக்குத்தான் பஸ் வசதி குறைவு, அதற்கு மட்டும் ஊபர். ராத்திரி ஒன்பதுக்கு மேல் எங்கே போனாலும் ஊபர்தான், அதில் தேனிக்காரரோடு ஒத்துப்போகிறேன்.

நான்காம் நாள் அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டிகளை ஹோட்டல் வரவேற்பிலேயே விட்டுச் சுற்றலாம். பிறகு பெட்டியோடு எஸ்எஃப்ஓ போய், இலவச ஏர்டிரெயினில் வாடகைக் கார் மையத்தில் இறங்கிக் கார் எடுங்கள். பெட்டி காருக்குள் ஏறிய பிறகு நகரத்துக்குள் திரும்பக் கூடாது.

தேனிக்காரன்
மூணு நாளைக்கு ஹோட்டல் பார்க்கிங்கே ஒரு ராத்திரிக்கு 60 டாலருக்கு மேல போகும், அதனால இந்தக் கணக்கை ஒத்துக்கிறேன். ஆனா கார் பத்தின உங்க பயத்தை இல்லை. பார்க்கிங்ல போய் நின்ன பிறகு டிக்கியைத் திறக்காதீங்க, வேடிக்கை பார்க்கிறவனுக்கு அதுதான் சிக்னல். எது வைக்கணுமோ முந்தின இடத்துலயே வச்சிட்டுக் கிளம்புங்க.

கண்ணாடி உடைக்கிறது சான் பிரான்சிஸ்கோவோட முடியறதும் இல்லை. ஓக்லண்ட் ஏர்போர்ட் பக்கம் ஹெகன்பர்கர் சாலையில இருந்த இன்-அன்-அவுட் பர்கர் கடையை 2024-ல மூடினதுக்கு, வாடிக்கையாளர் கார்களை உடைச்சதும் ஒரு காரணம்னு கம்பெனியே சொல்லுச்சு. மான்டரே 101, 156, 1 வழியா ரெண்டு மணி நேரம்தான். நடுவுல சாப்பிட நிறுத்தினா ரெண்டு ரெண்டு பேரா போங்க, வண்டியில ஒரு ஆள் இருக்கட்டும். இல்லாட்டி டிரைவ்-த்ரூவுல வாங்கிக்கிட்டு, மான்டரே ஹோட்டல்ல பெட்டியை இறக்கின பிறகு கடற்கரைக்குப் போங்க.