பிழைக்காசா, அடிபட்ட காசா? திருகோணமலையில் கைக்கு வந்தவை

போன கிழமை என்.சி. வீதியில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் வெள்ளை வெளேரென்று ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியைக் கொண்டுவந்து நீட்டினார். முலாம் பூச மறந்த பிழைக்காசாம், அதாவது அச்சடிக்கும்போதே தவறாகிப்போன காசாம், யாரோ பெரிய விலை சொல்லிவிட்டார்கள். முதலில் ஆண்டைப் பார்த்தேன். 2017 என்றால் பேச்சே இல்லை, அந்த ஆண்டில் 1, 2, 5, 10 ரூபாய் எல்லாமே துருப்பிடிக்காத உருக்குக்கு மாறிவிட்டன, வெள்ளையாகத்தான் இருக்கும். இவருடையது 2009. 2005இல் தொடங்கிய அந்த வரிசை ஐந்து ரூபாய், உருக்கின் மேல் பித்தளை முலாம் பூசியது. முலாமில்லாத தகடு (இன்னும் அச்சடிக்காத வட்டத் துண்டு) தவறி அச்சுக்குள் போனால் நல்ல பிழைக்காசுதான், ஆனால் அதில் எழுத்தெல்லாம் கூராக நிற்க வேண்டும். இதில் எழுத்தின் ஓரங்கள் கரைந்து கிடந்தன, மேற்பரப்பு சொரசொரப்பு, எழுத்துகளின் இடுக்குகளில் மட்டும் மஞ்சள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அசிட் பட்ட காசு. தம்பிக்கு முகம் சுருங்கிப்போனது, என்ன செய்ய.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அச்சு இயந்திரத்துக்குள் இது எப்படி நடந்திருக்கும்? வழி இருந்தால் மேலே யோசிக்கலாம், வழியே இல்லையென்றால் வெளியில் அடிபட்டது. அச்சில் விரிசல் விழுந்தால் அந்தப் பள்ளத்துக்குள் உலோகம் ஏறும், காசில் அது மேடான கோடாக வரும். காசில் பள்ளமாக ஓடி, இருபக்கமும் உலோகம் பிதுங்கி நிற்கும் கோடு கீறல். இதை மட்டும் லூப்பில் (கையடக்க உருப்பெருக்கியில்) பார்க்கப் பழகினாலே பாதிப் பேரம் மிச்சம்.

எங்கட ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையிலேயே செப்புக்காசு அடித்தார்கள், வி.ஓ.சி. (ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி) முத்திரைக்கு மேலே ஊரின் முதலெழுத்து இருக்கும், திருகோணமலைக்கும் தனி எழுத்து உண்டு. இவை கரடுமுரடாக அடித்தவை, காசைச் சுற்றிப் பிடிக்கும் வளையம் எல்லாம் அப்போது கிடையாது. அதனால் ஆண்டு பாதி வெளியே போவது, முத்திரை ஓரத்துக்கு நழுவுவது, காசே கோணலாக இருப்பது எல்லாம் அந்தக் காசின் இயல்பு. நடு விலகியிருக்கிறது, அரிய பிழை என்று சொல்லி இரட்டிப்பு விலை கேட்பவர்களிடம் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். முழு ஆண்டும் எழுத்தும் நடுவில் தெளிவாக விழுந்த ஒன்று கிடைத்தால்தான் கூடக் கொடுத்து வாங்கலாம். 1870இல் வந்த செப்புச் சதங்களில் கதை வேறு, அவை இயந்திரத்தில் வளையத்துக்குள் அடித்தவை, அங்கே நடு விலகினால் கவனிக்க வேண்டியதுதான்.

*

மேலே எழுதிய அண்ணை சொன்ன மாதிரியே எனக்கும் ஒன்று கைக்கு வந்தது. ஜோர்ஜ் மன்னர் காலத்து ஒரு சதம், தலைக்கு மேலேயே எழுத்துகள் திருப்பிப்போட்ட மாதிரி பள்ளமாகப் பதிந்திருந்தன. விற்றவர் உப்புவெளிப் பக்கம் பழைய சாமான் எடுப்பவர், நல்ல மனிதர், அவருக்கும் விபரம் தெரியாது. முன்னால் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் அடுத்த காசின் ஒரு பக்கம் முழுவதும் இடவலம் மாறிய படம் பள்ளமாக விழும் என்று படித்திருக்கிறேன். ஆனால் அப்படி விழுந்தால் அந்தப் பக்கத்துக்குரிய சொந்தப் படம் அங்கே வரவே வாய்ப்பில்லை. இதில் மன்னர் தலையும் இருக்கிறது, அதன் மேல் எழுத்தும் இருக்கிறது, எழுத்து அமுங்கிய இடத்தில் மூக்கும் சப்பை. பின்பக்கத்தைத் திருப்பினால் அங்கேயும் அதே இடம் நசுங்கியிருந்தது. இரண்டு காசை வைஸில் (பட்டறை இறுக்கியில்) வைத்து இறுக்கிய வேலை. சொற்ப விலைக்கே வாங்கினேன், புதியவர்களுக்குக் காட்ட உதவும்.

*

நகையாகப் போட்ட காசுகளையும் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் பழைய வெள்ளிக்காசுக்கு வளையம் ஒட்டிக் கழுத்தில் போடுவது சாதாரணம், பிறகு யாரோ அதைக் கழற்றி ஈயப்பற்றை அராவிவிட்டு விற்பார்கள். விளிம்பில் ஒரு இடம் மட்டும் தேய்ந்து, நிறமும் அங்கே மாறியிருந்தால் பத்தரின் கைவேலைதான்.

அப்புறம் மறுபக்கமும் இருக்கிறது, ஒன்றுமே நடக்காத காசைப் பிழை என்பார்கள். 1942இன் சதுர ஐந்து சதம் மஞ்சளாக இருக்கிறது, உலோகம் மாறி அடித்துவிட்டார்கள் என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். போர்க்காலத்தில் நிக்கல் பித்தளையில்தான் அடித்தார்கள் அய்யா. அந்த வருடம் ஏப்ரலில் யப்பான்காரன் எங்கட துறைமுகத்தில் குண்டு போட்டுக்கொண்டிருந்தான், செம்பும் நிக்கலும் தாராளமாகக் கிடைக்கிற நேரமா அது? ஒரு சதத்தையும் அப்போது மெல்லிசாக்கிவிட்டார்கள், அதையும் தகடு மெலிந்த பிழை என்று விற்கிறார்கள்.

விளிம்பில் பிறை மாதிரி வெட்டு இருந்தால் நேர் எதிர்ப் பக்கத்து விளிம்பைப் பாருங்கள். அச்சடிப்பதற்கு முன்பே தகடு வெட்டுப்பட்டிருந்தால் அங்கே விளிம்பு பெரும்பாலும் மங்கியோ எழும்பாமலோ இருக்கும். பிறகு வெளியில் கத்தரித்ததில் அந்தப் பக்கம் சுகமாக முழுசாக நிற்கும். கடற்கரையில் பொறுக்கின காசில் இதெல்லாம் பார்க்க ஏலாது, உப்பு எல்லாத்தையும் தின்றுவிடும்.